கப்பல் வந்துவிட்டதாம்... பொருள் விடுவிக்கப்பட்டதா?



நுரைச்சோலைக் கடற்கரையில் வாழ்பவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழக்கமானது. சோளகம் அடங்கிக் கடல் அமைதியானதும், லக்விஜய அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரியை ஏற்றிய பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் வந்து நங்கூரமிடும். அவற்றிலிருந்து நிலக்கரியைத் தட்டையான படகுகளில் இறக்கிக் கரை சேர்ப்பார்கள். அடுத்த சித்திரை கழிந்து மீண்டும் சோளகம் தொடங்கினால் கப்பல்களைக் காண முடியாது. கப்பல் வந்ததா, இறக்குகிறார்களா, போய்விட்டதா என்பதை எமது பிள்ளைகள் கூடக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பொருட்களின் கதை அப்படியல்ல. மைசூர்ப் பருப்பு கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறது. பால்மாவில் பெரும் பகுதி நியூசிலாந்தினுடையது. பெரிய வெங்காயமும் செத்தல் மிளகாயும் இந்தியாவிலிருந்து வருகின்றன. நோன்பு திறக்கும் பேரீச்சம்பழம் அரபு நாடுகளிலிருந்து வருகிறது. இவை எந்தக் கப்பலில் வந்தன, யார் பரிசோதித்தார், என்ன முடிவு கிடைத்தது என்று நம்மில் எவருக்காவது தெரியுமா?

2021 மார்ச் மாதத்தின் ஒரு மாலையில் என் மனைவி தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கையில் பிடித்தபடி அடுப்படி வாசலில் நின்றார். ரமழானுக்குச் சில வாரங்களே இருந்தன. "இது அந்தக் கப்பல்ல வந்த எண்ணெயா, இல்லாட்டி நம்மட ஊர் எண்ணெயா?" என்று கேட்டார். பதினைந்து வருடங்களுக்கு மேலாகப் பாடம் நடத்தும் எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடிப் போனபோது நான் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். எனது பிழை ஒன்றையும் இதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எண்ணெயில் என்ன இருந்தது?

அந்த மாதம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யப்பட்ட தேங்காய் எண்ணெயின் சில தொகுதிகளில் அஃப்லாடொக்சின் என்ற நச்சுப் பொருள் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இருப்பதாகப் பரிசோதனையில் தெரியவந்தது. அவற்றைத் திருப்பி அனுப்புமாறு உத்தரவிடப்பட்டது. தென்னைக்குப் பேர்போன புத்தளம் மாவட்டத்தில் வாழும் நாம் வெளிநாட்டுத் தேங்காய் எண்ணெயைப் பற்றி அச்சப்பட வேண்டிய நிலை வந்ததே ஓர் அதிசயம்தான்.

அஃப்லாடொக்சின் என்பது ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு. கொப்பரை, நிலக்கடலை, சோளம், மிளகாய் போன்றவை சரியாகக் காயாமல் ஈரத்தோடு அடைபடும்போது இந்தப் பூஞ்சணம் பிடிக்கிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் காரணம் புரியாமல் செத்து விழுந்தன. தேடிப் பார்த்தபோது, பிரேசிலிலிருந்து தீவனத்துக்காக இறக்குமதி செய்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் இந்த நஞ்சு இருந்தது தெரியவந்தது. உலகம் இதை அறிந்துகொண்டதே இறக்குமதிப் பொருள் ஒன்றின் மூலம்தான்.

இந்த நஞ்சைக் கண்ணால் காண முடியாது. வாசனையாலும் அறிய முடியாது. நாம் சமைக்கும் சூட்டில் இது அழிவதில்லை. நீண்ட காலம் உடலில் சேர்ந்தால் ஈரலில் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. நஞ்சு கலந்த தீவனத்தைத் தின்ற மாட்டின் பாலிலும் இதன் கூறு வந்து சேர்கிறது. ஆகவே, எவ்வளவு கெட்டிக்கார இல்லத்தரசியாக இருந்தாலும் தன் கண்ணையும் மூக்கையும் நம்பி இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வுகூடத்தின் முடிவு ஒன்றே வழி.

பொருள் இருக்கும் இடம் வேறு, அதன் நிலை வேறு

துறைமுகத்தில் பொருட்கள் இறங்கியதும் எல்லாவற்றையும் அங்கேயே நிறுத்தி வைப்பதில்லை. இடநெருக்கடி உண்டு, தாமதக் கட்டணம் உண்டு. ஆகவே மாதிரியை எடுத்துக்கொண்டு, "அறிக்கை வரும் வரை விற்கக் கூடாது" என்ற நிபந்தனையோடு பொருளை இறக்குமதியாளரின் களஞ்சியத்துக்குக் கொண்டு செல்ல அனுமதிக்கும் முறை ஒன்று இருக்கிறது. அப்போது அந்தப் பொருள் துறைமுகத்தை விட்டு வெளியே வந்துவிட்டது, ஆனால் விடுவிக்கப்படவில்லை. பெண்ணுக்கு நிச்சயம் செய்தாகிவிட்டது, நிக்காஹ் இன்னும் ஆகவில்லை என்பது போல.

2021 மார்ச் இறுதியில், நமது மாவட்டத்தைச் சேர்ந்த தங்கொட்டுவையில் சந்தேகத்தின் பேரில் இரண்டு எண்ணெய் பவுசர்களைப் பொலிஸார் பிடித்தபோது, நாடு முழுவதும் பதறியது இதனால்தான். எண்ணெய் எங்கே இருக்கிறது என்பதை மக்கள் கண்டார்கள். அந்த எண்ணெய்க்கு முடிவு வந்ததா, வரவில்லையா என்பதை அறிய அவர்களுக்கு வழி இருக்கவில்லை.

இந்த வேறுபாட்டை மனதில் பதித்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே. "வந்துவிட்டது" என்பது ஒரு செய்தி. "விடுவிக்கப்பட்டது" என்பது வேறொரு செய்தி. இரண்டையும் ஒன்றாக்கினால் நஷ்டம் வரும்.

மூன்று வாசல்கள்

இலங்கைக்குள் வரும் உணவும் தாவரமும் விலங்கும் சுங்கத்தைத் தாண்டுவதற்கு முன் வெவ்வேறு வாசல்களைக் கடக்க வேண்டும்.

உணவுப் பொருளாயின், 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சின் உணவு அதிகாரிகள் பார்க்கிறார்கள். குறிப்பிட்ட சில பொருட்களை இலங்கைக் கட்டளைகள் நிறுவகமும் பரிசோதிக்கிறது.

விதை, கன்று, கிழங்கு, பழம், மண் கலந்த பசளை போன்றவையாயின், 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். கட்டுநாயக்காவிலுள்ள தேசிய தாவரத் தொற்றுத்தடைகாப்பு சேவை இதற்குப் பொறுப்பு. அனுப்பும் நாட்டின் அதிகாரி "இதில் நோயும் பூச்சியும் இல்லை" என்று எழுதிக் கொடுக்கும் தாவர சுகாதாரச் சான்றிதழ் பொருளோடு வர வேண்டும். இந்தச் சான்றிதழ் முறைக்கு அடிப்படையான சர்வதேச உடன்படிக்கை 1952-இல் நடைமுறைக்கு வந்தது.

உயிருள்ள விலங்கு, இறைச்சி, முட்டை, பால் சார்ந்தவையாயின், 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பறவைக் காய்ச்சல் ஒரு நாட்டில் பரவினால் அங்கிருந்து கோழியும் முட்டையும் வருவதைத் தடுப்பது இந்த வாசல்தான்.

நோயுற்ற ஒட்டகங்களை நலமுள்ள ஒட்டகங்களோடு கொண்டுவந்து சேர்க்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. தொற்றுத்தடைகாப்பு என்ற நீண்ட பெயரில் அதிகாரிகள் செய்வதும் அதே வேலைதான்.

இணையத்தில் எதைப் பார்க்கலாம்?

இன்று எங்கள் பிள்ளைகளின் கையில் தொலைபேசி இருக்கிறது. அதில் மூன்று விதமான தடங்கள் உண்டு.

முதலாவது, கப்பலின் தடம். சர்வதேசப் பயணம் செய்யும் 300 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் தம் பெயரையும் இருப்பிடத்தையும் வானொலி அலை மூலம் தாமாக அறிவிக்கும் கருவியை வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அந்த அறிவிப்புக்களைத் திரட்டி வரைபடத்தில் காட்டும் இணையத்தளங்கள் இருக்கின்றன. யாரும் பார்க்கலாம்.

இரண்டாவது, கொள்கலனின் தடம். ஒவ்வொரு கொள்கலனிலும் நான்கு எழுத்துக்களும் ஏழு இலக்கங்களும் பொறிக்கப்பட்டிருக்கும். அது அதன் அடையாள அட்டை. அந்த இலக்கத்தைக் கப்பல் நிறுவனத்தின் இணையத்தளத்தில் கொடுத்தால், எந்தத் துறைமுகத்தில் ஏறியது, எங்கே இறங்கியது என்று காட்டும்.

மூன்றாவது, அனுமதியின் தடம். மாதிரி எடுக்கப்பட்டதா, அறிக்கை வந்ததா, விடுவிப்பா, நிராகரிப்பா என்ற விபரம் இது. இலங்கைச் சுங்கத்தின் கணினி முறையில் இறக்குமதியாளரும் அவரது முகவரும் தமது பிரகடனம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்கலாம். எந்தப் பொருளுக்கு எந்த அனுமதி வேண்டும் என்பதை 2018-இல் தொடங்கிய வர்த்தகத் தகவல் தளத்தில் எவரும் வாசிக்கலாம். ஆனால் குறித்த ஒரு தொகுதிக்குக் கிடைத்த முடிவைச் சாதாரணக் குடும்பப் பெண் அங்கே பார்க்க முடியாது.

அதாவது, நமக்குத் திறந்திருக்கும் இரண்டு தடங்களும் பொருள் இருக்கும் இடத்தையே காட்டுகின்றன. நமக்கு மிகவும் வேண்டிய மூன்றாவது தடம்தான் மூடியிருக்கிறது.

பெயர் மாறிய கப்பல்

இதை நம் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் உணர்ந்த சம்பவம் ஒன்று உண்டு. அதுவும் 2021-இல்தான் நடந்தது.

அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளையின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. கற்பிட்டிக் குடாநாட்டின் மணலில் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் செய்யும் நமக்கு அது எப்படி இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. மணல் நிலம் ஊற்றிய தண்ணீரையும் பிடித்து வைப்பதில்லை. போட்ட பசளையையும் பிடித்து வைப்பதில்லை. பசளை இல்லாவிட்டால் பயிர் இல்லை. இரசாயனப் பசளைக்குப் பதிலாகச் சீனாவிலிருந்து சேதனப் பசளை கொண்டுவர ஏற்பாடாகியது.

அந்தப் பசளையின் மாதிரிகளைத் தேசிய தாவரத் தொற்றுத்தடைகாப்பு சேவை பரிசோதித்தது. எர்வினியா என்ற பக்டீரியா இருப்பதாகக் கூறி அனுமதி மறுத்தது. கிழங்கையும் வெங்காயத்தையும் கரட்டையும் அழுக வைக்கும் நோய்க்கிருமிகள் அந்த இனத்தில் உண்டு. விற்ற நிறுவனமோ அந்தப் பரிசோதனை முறை சரியல்ல என்று மறுத்தது. ஆயினும் 20,000 தொன் பசளையோடு 'ஹிப்போ ஸ்பிரிட்' என்ற கப்பல் புறப்பட்டு வந்தது. ஒக்டோபரில் நீதிமன்றம் மக்கள் வங்கி பணம் செலுத்துவதைத் தடுத்தது. சீனத் தூதரகம் அந்த வங்கியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்ததாக அறிவித்தது.

அந்த நாட்களில் பத்திரிகையாளர் முதல் விவசாயி வரை எல்லோரும் அந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நவம்பரில் அந்தப் பெயர் வரைபடத்திலிருந்து மறைந்தது. கப்பலுக்கு 'செய்யோ எக்ஸ்புளோரர்' என்று புதிய பெயர் வைக்கப்பட்டிருந்தது. பெயர் மாறினாலும் கண்டுபிடித்துவிட்டார்கள். எப்படி? ஒவ்வொரு கப்பலுக்கும் ஏழு இலக்கமுள்ள ஓர் எண் உண்டு. உரிமையாளர் மாறலாம், கொடி மாறலாம், பெயர் மாறலாம். கப்பல் உடைக்கப்படும் வரை அந்த எண் மாறாது. டிசம்பரில் கப்பல் நம் கடலை விட்டு நீங்கியது. ஆயினும் அந்த வழக்கைத் தீர்க்க இலங்கை ஏறத்தாழ 70 இலட்சம் டொலர் செலுத்த நேர்ந்தது.

இதிலிருந்து இரண்டு படிப்பினைகளைப் பெறலாம். பெயரை நம்பாதீர்கள், இலக்கத்தைப் பாருங்கள் என்பது ஒன்று. மற்றது இதைவிட முக்கியமானது. பரிசோதனை முடிவை ஆரம்பத்திலேயே இரு தரப்பும் ஏற்கும் முறையில் வைத்திருந்தால், கப்பல் புறப்பட்டே இருக்காது. எல்லோரும் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிக்கல் இருந்ததோ காகிதத்தில்.

எனது பிழை

இனி எனது பிழையைச் சொல்கிறேன். இது நடந்து சில ஆண்டுகளாகின்றன.

எனது மாணவர் ஒருவரின் உம்மா, கணவரை இழந்தவர். முக்கால் ஏக்கரில் சின்ன வெங்காயம் செய்திருந்தார். நகையை அடகு வைத்து விதை வெங்காயம் வாங்கியிருந்தார். இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் வெங்காயம் நன்றாக முற்றியிருக்கும். ஒரு நாள் தேநீர்க் கடையில் பேச்சு: "கொழும்புத் துறைமுகத்துக்குக் கப்பல் கப்பலா வெங்காயம் வந்திட்டாம். வெள்ளிக்கிழமைக்குள்ள விலை விழும்." வியாபாரி ஒருவரும் வயலுக்கே வந்து அதைச் சொல்லி, குறைந்த விலை பேசியிருக்கிறார்.

அந்தப் பெண் மகனை என்னிடம் அனுப்பிக் கேட்டார். நானும் அதே தேநீர்க் கடையில் கேட்டவன். "ஆமாம், வந்திருக்கிறதாம்" என்று சொல்லி அனுப்பினேன். அன்று பின்னேரமே அவர் ஆட்களைப் பிடித்து வெங்காயத்தைக் கிளப்பிவிட்டார். வியாபாரி கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. விலை விழவில்லை. அடுத்த வெள்ளியும் விழவில்லை. நமது நுரைச்சோலைப் பொருளாதார மத்திய நிலையத்தில் அவர் விற்றதைவிட நல்ல விலைக்கே வெங்காயம் போனது. நகை மீளவில்லை. நான் வருத்தம் தெரிவிக்கப் போனபோது அவர் என்னைக் குறை கூறவில்லை. "மௌலவி சொன்னா சரியா இருக்கும் எண்டு நெனச்சிட்டன்" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை இன்றும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

வந்த செய்தியைத் தீர விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அறியாமல் மனிதருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாவது வசனத்தின் கருத்து. அதை நான் எத்தனையோ வகுப்புகளில் விளக்கியிருக்கிறேன். எனக்கே அதை விளங்கப்படுத்தியவர் அந்தப் பெண்.

அன்று என்ன செய்திருக்கலாம்? ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகம் மொத்த விலைகளைத் தொடர்ந்து வெளியிடுகிறது. அதைப் பார்த்திருக்கலாம். பொருளாதார மத்திய நிலையத்தில் இரண்டு கடைகளில் கேட்டிருக்கலாம். இறக்குமதி வெங்காயத்துக்கான வரியைக் கூட்டினாலும் குறைத்தாலும் அரசாங்க வர்த்தமானியில் வரும், அதைப் பார்த்திருக்கலாம். அனுப்பும் நாட்டின் செய்தியும் பயன் தரும். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. 2024 மே மாதம்தான் நீக்கியது. அப்படியான காலத்தில் "கப்பல் கப்பலா வருகிறது" என்று யாராவது சொன்னால், எந்த நாட்டிலிருந்து என்று ஒரு கேள்வி கேட்டாலே உண்மை தெரிந்துவிடும்.

நமது பெட்டிக்குள் வருவது

இறக்குமதி என்றதும் பெரிய வியாபாரிகளை மட்டும் நினைக்கிறோம். வெளிநாட்டிலிருந்து திரும்பும் ஒவ்வொருவரும் ஓர் இறக்குமதியாளர்தான்.

என் தங்கை குவைத்தில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டு வந்தபோது, இரண்டு பேரீச்சங் கன்றுகளை ஈரத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். வாசலில் ஒன்று, வாப்பாவின் கபுறடிக்குப் பக்கத்தில் ஒன்று என்று கனவு கண்டிருந்தாள். விமான நிலையத்தில் அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் அழுதாள். "ஒரு கன்றால் என்ன நாடு அழிந்துவிடுமா?" என்று எங்களுக்கும் கோபம்தான்.

பின்னர்தான் நான் அறிந்தேன். நம் தென்னையைக் குடைந்து சாய்க்கும் சிவப்புக் கூன்வண்டு தெற்காசியாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் உரியது. 1980களின் நடுப்பகுதியில் அது வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பூச்சி பிடித்த கன்றுகளோடு அது பயணம் செய்தது. இன்று அரபு நாடுகளின் பேரீச்ச மரங்களுக்கு அதுதான் பெரிய எதிரி. நம் பக்கத்து வண்டு அவர்களின் தோட்டத்தை அழித்ததென்றால், அங்கிருந்து வரும் ஒரு கன்று நம் தென்னந்தோப்புக்கு எதைக் கொண்டுவரும் என்று யார் சொல்வது?

இங்கேயும் உதாரணங்கள் இருக்கின்றன. 1939-இல் படிப்புத் தேவைக்காகக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா என்ற நீர்ப்பாசி பின்னர் வயல்களையும் வாய்க்கால்களையும் மூடியது. மத்திய அமெரிக்கப் பகுதிக்குரிய பப்பாசி மாவுப்பூச்சி 2008-இல் இலங்கையில் காணப்பட்டு, பப்பாசித் தோட்டங்களை வெள்ளையடித்தது போல் மூடியது. அதைத் தின்னும் சிறு குளவியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, பரிசோதித்து, விட்ட பிறகே அடங்கியது.

ஆகவே உம்ராவுக்குப் போகும் சகோதரிகளும் வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளும் விதை, கன்று, மண், பச்சைப் பழம், இறைச்சி ஆகியவற்றைப் பெட்டிக்குள் ஒளித்து வைக்க வேண்டாம். கொண்டுவரத்தான் வேண்டுமென்றால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். வந்ததும் அதிகாரியிடம் சொல்லுங்கள்.

ஈரத்தை மேலே வையுங்கள்

வேறு நாடுகளில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் உணவு இறக்குமதி செய்பவர் தமது பதிவு இலக்கத்தைக் கொடுத்து, பொருள் பரிசோதனையில் இருக்கிறதா, விடுவிக்கப்பட்டதா என்று இணையத்தில் பார்க்கலாம். நிராகரிக்கப்பட்ட பொருட்களின் பட்டியலை எவரும் வாசிக்கலாம். ஐரோப்பிய நாடுகள் 1979 முதல் ஆபத்தான உணவு பற்றி ஒன்றுக்கொன்று உடனுக்குடன் அறிவிக்கும் முறையை வைத்திருக்கின்றன. எந்த நாட்டுப் பொருளில் என்ன கண்டுபிடிக்கப்பட்டது என்பதை இன்று பொதுமக்களும் இணையத்தில் பார்க்கலாம். பக்கத்திலுள்ள இந்தியா 2016 முதல் சுங்கத்தையும் உணவு, தாவர, விலங்கு அலுவலகங்களையும் ஒரே இணைய வாசலில் இணைத்திருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவத்தை நீங்கள் அறிவீர்கள். மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள் நபியவர்கள். மழை பெய்ததற்காக அவரைக் கண்டிக்கவில்லை. ஈரத்தை மறைத்ததற்காகவே கண்டித்தார்கள்.

இறக்குமதிப் பொருள் கெட்டுப்போவது எந்த நாட்டிலும் நடக்கும். நிராகரிக்கப்பட்ட தொகுதியின் இலக்கத்தையும் காரணத்தையும் எல்லோரும் பார்க்கும் இடத்தில், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போட்டுவிட்டால் போதும். பீதி அடங்கும், நேர்மையான வியாபாரியும் காப்பாற்றப்படுவார். இதை நாம் கேட்க வேண்டும்.

இன்றே செய்யக் கூடியவை

கடையில் வாங்கும் இறக்குமதிப் பொருளின் சுட்டுத்துண்டில் உற்பத்தி நாடு, இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆய்வுகூட அறிக்கைக்கும் உங்கள் போத்தலுக்கும் இடையிலுள்ள ஒரே கயிறு அந்தத் தொகுதி இலக்கம்தான். அளந்து ஊற்றித் தரும் எண்ணெய்க்கு அந்தக் கயிறு கிடையாது.

சந்தேகம் இருந்தால் பொருளை வீசிவிடாமல், பற்றுச்சீட்டோடு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள். நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். விதையிலோ பயிரிலோ புதிதாக ஒரு நோயைக் கண்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள்.

இன்னும் ஒரு வழி உண்டு. பலருக்கு அது தெரியாது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இந்நாட்டின் எந்தப் பிரஜையும் அரச அலுவலகத்தின் தகவல் அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். மூன்றாவது தடம் இணையத்தில் மூடியிருந்தாலும், இந்தக் கதவைத் தட்டும் உரிமை நமக்குச் சட்டப்படி இருக்கிறது. மாதர் சங்கங்களும் பள்ளிவாசல் நிருவாகங்களும் இதைச் செய்யலாம்.

கடைசியாக, தேநீர்க் கடையிலும் தொலைபேசியிலும் வரும் செய்தியை அப்படியே கடத்தாதீர்கள். எங்கிருந்து, எந்தக் கப்பல், யார் சொன்னது, விடுவிக்கப்பட்டதா என்ற நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நான்கில் ஒன்றுக்காவது பதில் கிடைக்காவிட்டால் அந்தச் செய்தி உங்களோடு நின்றுபோகட்டும்.

அந்தச் சகோதரி மறு போகமும் வெங்காயம் செய்தார். அல்லாஹ்வின் அருளால் நல்ல விளைச்சல். அறுவடைக்கு முன் மகனை மீண்டும் என்னிடம் அனுப்பினார். அந்த முறை நான் பொருளாதார மத்திய நிலையத்துக்கு நேரே போய் விலையை விசாரித்து, துண்டில் எழிதிக் கொடுத்தனுப்பினேன். துண்டின் அடியில், எந்தக் கடையில் எத்தனை மணிக்குக் கேட்டேன் என்பதையும் எழுதினேன்.

என் மனைவி இப்போதும் போத்தலைத் திருப்பிச் சுட்டுத்துண்டை வாசித்த பின்னரே கூடையில் வைக்கிறார். ஹலாலானதையும் தூய்மையானதையும் தேடி உண்ணவும், அறியாததை அறிந்ததாகச் சொல்லாதிருக்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக.